சூரியன் பக்கம் சாயும் பிழை

"வேலப்பனை வேலையை விட்டே தூக்கணும் மேடம். உருண்டையை மாட்டும்போதே கெடுத்தது அவன்தான். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

தணிகாசலம் கடிதத்தை மேசையில் வைத்தார். செயற்கைக்கோளின் உடலைக் கட்டியவர் அவர். எஸ்தர் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் விண்வெளியில் மின்புலம் அளப்பதைத் தணிகாசலம் கற்றுக்கொண்டது எஸ்தரிடம்தான்.

"உருண்டைக்கு என்ன சார்?"

செயற்கைக்கோளின் இருபுறமும் நீண்ட கம்பி. நுனிக்கு ஓர் உருண்டை. இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடுதான் அளவு. வெறுங்கை பட்டால் போச்சு, கைப்பிசுக்கே அளவைக் கெடுத்துவிடும்.

"மாட்டுற அன்னைக்குக் கையுறையைக் கழட்டிட்டு முறுக்கு தின்னான். என் கண்ணால பார்த்தேன்."

"தொட்டதைப் பார்த்தீங்களா?"

"முறுக்கு தின்னவன் தொடாமலா இருப்பான்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கோள் மேலே போனதிலிருந்து தணிகாசலத்துக்கு முறுக்கும் பேய்தான்.

"அளவுல என்ன தப்பு?"

"இல்லாத மின்புலம் ஒண்ணைக் காட்டுது. எப்பப் பார்த்தாலும் சூரியன் பக்கமாவே."

"கோள் சுத்துதுல்ல?"

"நாலு செகண்டுக்கு ஒரு சுத்து."

எஸ்தர் எழுந்து, சுழல் நாற்காலியை ஜன்னல் வெயிலுக்குத் தள்ளினார்.

"உட்காருங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க."

கேலி செய்கிறாரோ என்று தணிகாசலத்துக்குச் சந்தேகம். இருந்தாலும் நீட்டினார்.

"உங்க நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"கதவுப் பக்கம்."

எஸ்தர் நாற்காலியை அரைச் சுற்று சுற்றினார். வலக்கை இருந்த இடத்துக்கு இடக்கை வந்தது.

"இப்ப?"

"கதவுப் பக்கம்தான்."

இன்னொரு அரைச் சுற்று.

"இப்ப?"

தணிகாசலம் நிழலைப் பார்த்தார். நீட்டிய கைகள் மெல்ல இறங்கின.

"உருண்டை கெட்டிருந்தா பிழையும் அதுகூடவே சுத்தியிருக்கணும்" என்றார் கடைசியில்.

"சுத்தலையே."

"வெயில் படுற பக்கம் மட்டும் கோளோட உடம்பு எலெக்ட்ரானைக் கக்கும். அந்த மூட்டம்தான் உருண்டை வரைக்கும் எட்டியிருக்கு" என்றார் தணிகாசலம்.

அந்த உடம்பைக் கட்டியதே அவர்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழக்கூடத் தோன்றவில்லை.

எஸ்தர் கடிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

"கடிதம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். பேரை மட்டும் மாத்திடுங்க."