எத்தனை நாளாச்சு?

"மெஷின் பொய் சொல்லிருச்சு மேடம்" என்றான் சுடலைமணி.

தில்லைநாயகி தலையைத் தூக்கவில்லை.

மலையில் ஒரு ரவுட்டர், அடிவாரத்து ஆம்புலன்ஸ் மையத்தில் ஒரு ரவுட்டர். இரண்டும் பேசிக்கொண்டிருந்தால்தான், மேலே யாராவது போன் போட்டால் கீழே மணி அடிக்கும். அந்தப் பேச்சு அறுபடாமல் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று ரவுட்டரிடம் கேட்டுத் திரையில் காட்ட ஒரு மென்பொருள். எழுதியவன் நம்ம சுடலைமணிதான். பாதித் தலை நரைத்த பிறகு தில்லைநாயகியிடம் தொழில் கற்க வந்தவன். கெட்டிக்காரன், அதில் அவனுக்கே சந்தேகம் கிடையாது.

மூன்று நாளாக மலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. நல்லதாப் போச்சு என்று மையத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

இன்று காலை மலை ஊர்க்காரன் சின்னராசு இறங்கி வந்து, ஏன் யாருமே போன் எடுக்கலை என்று கேட்டான். அப்புறம்தான் லைன் செத்துக் கிடந்தது தெரிந்தது. லைன் செத்த அன்று ராத்திரி அவன் பெண்டாட்டி செவ்வந்திக்குப் பிரசவ வலி. விடிய விடிய போன் போட்டிருக்கிறான். குழந்தை பிழைத்தது. அவள் போய்விட்டாள்.

"திரையில என்ன இருந்துச்சு?"

"பச்சை மேடம். நேரம் ஒருவாட்டி ஜீரோவுக்குப் போச்சு. அப்புறம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. லைன் விழுந்து எழுந்திருச்சுன்னு நினைச்சேன்."

"நீங்க மெஷினை என்ன கேட்டீங்க?"

"எவ்வளவு நேரமாச்சுன்னு."

"வேற?"

"வேற என்ன கேக்க? நேரம் ஏறுனா பச்சை காட்டுன்னு எழுதினேன்."

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

"வாங்க. துக்கம் கேட்டுட்டு வருவோம்."

"என்னால முடியாது மேடம். அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"வாங்க."

மலைமேல் வீட்டில் சின்னராசு பாயில் உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சுவரோரம் செவ்வந்தியின் படம், மாலை, ஒரு விளக்கு.

தில்லைநாயகி எதிரே உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று சுடலைமணி கேட்டான்.

"எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட மூணு நாள் சார்."

சுடலைமணி தலையாட்டினான்.

சின்னராசு அவனையே பார்த்தான்.

"நீங்க யாருக்குக் கேட்டீங்க சார்? புள்ளைக்கா, அவளுக்கா?"

சுடலைமணி குழந்தையைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்கும் மூணுதான்" என்றான் சின்னராசு.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. இருவரும் பேசாமல் எழுந்து வந்தார்கள். வண்டியருகே வந்ததும் சுடலைமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லைன் செத்த நிமிஷத்திலேர்ந்தும் மெஷின் எண்ணும், இல்ல மேடம்?"

"எண்ணும்" என்றாள் தில்லைநாயகி.