ஜப்பான் காக்கா மேல வயித்தெரிச்சல்

ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சு. எந்த ஊருன்னு குடையாதே, பெரம்பூருன்னே வெச்சுக்கோ. ம் கொட்டிட்டே கேக்கணும், இல்லன்னா அத்தை எழுந்து போயிடுவேன்.

அந்தக் காக்காவுக்கு மொட்டை மாடிச் சுவத்துல தினம் சோறு வெக்கிறவ செண்பகவல்லி. அது வாய் வெச்சப்புறம்தான் அவ தட்டுல கை வெப்பா.

அப்போ ஒரு நாள் லைப்ரரிலேர்ந்து ஒரு புஸ்தகம் கொண்டாந்தா. வெளிநாட்டு ஊருங்கள்ல மனுஷங்களுக்கு நடுவுல வாழுற பிராணிங்களைப் பத்தின புஸ்தகம். லண்டன் தெருவுல நரி சுத்துதாம், பெர்லின்ல காட்டுப்பன்னி குட்டிங்களோட ரோட்டுக்கு வருதாம். இப்படியெல்லாம் எழுதுவாங்கன்னே அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. பக்கத்து மாடியில துணி உலர்த்துற பிலோமினா அக்காவுக்கு சத்தமா படிச்சுக் காட்டுவா. அப்புறம் ஜப்பான் வந்துச்சு. அங்க ஒரு காக்கா கொட்டையை ரோட்டுல வெக்குமாம், கார் ஏறி உடைஞ்சதும் பருப்பைத் தின்னுமாம்.

"நம்ம காக்காவும் இருக்கே, வடாம் திருடத்தான் லாயக்கு"ன்னு அக்கா சொல்ல, செண்பகவல்லியும் சிரிச்சுட்டா.

காக்காவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவனும் கறுப்பு, நானும் கறுப்பு, அவனுக்கு மட்டும் என்ன பவுசு? ம் சொல்லு.

அப்புறம் இதுவும் ஒரு வாதாங்கொட்டையை ரோட்டுல வெச்சுது. தண்ணி லாரி வந்துச்சு, நறநறன்னு மாவாயிடுச்சு. இன்னொண்ணு வெச்சுது. ஆட்டோ டயர் பட்டு, டொய்ங்! சாக்கடையில விழுந்துச்சு. மூணாவது டக்குன்னு பிளந்துச்சு. பருப்பு முழுசா! தூக்கிட்டுப் பறந்து வந்து சுவத்துல நின்னு, கா கா கா.

செண்பகவல்லி புஸ்தகத்துலேர்ந்து தலையைத் தூக்கல. கையை ஆட்டி, "சூ"ன்னா.

அழுகையே வந்துடுச்சு அதுக்கு. மறுநாள் அவ வெச்ச சோத்தைத் தொடல. தண்ணித் தொட்டி மேல முறுக்கிட்டு உக்காந்துது. தானும் தின்னல, வந்த காக்காவையெல்லாம் கொத்தி விரட்டிச்சு. அவ்ளோ வீம்பு.

மத்தியானம் தாண்டிடுச்சு. செண்பகவல்லிக்கு சுகர் வேற, பட்டினி கிடக்கக் கூடாது. காக்காவை விட்டுட்டு சாப்பிடுடின்னு பிலோமினா அக்கா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. கேட்டாத்தானே? அந்த வெயில்லயே உக்காந்துட்டா. அக்காவுக்குக் கோவம் வந்து, அந்த ஜப்பான் காக்காவை வரச்சொல்லேன், அதுதான் கெட்டிக்காரக் காக்காவாச்சேன்னுட்டா.

அதுக்கு செண்பகவல்லி, "அது ஆயிரம் வித்தை காட்டட்டும்க்கா. அது சாப்பிட்டுச்சான்னு நான் பாக்குறேனா? இது வாய் வெக்காம எனக்கு ஒரு வாய் இறங்காது"ன்னா.

விர்ருன்னு இறங்கிச்சு காக்கா. காஞ்சு போன சோத்தை லபக் லபக்குன்னு முழுங்கிச்சு. அப்போதான் அவ தட்டை இழுத்தா. அவ நாலு வாய் சாப்பிடுற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துச்சு.

பாவம் அந்த ஜப்பான் காக்கா, கொட்டையைத் தானே உடைச்சுத் தானே தின்னுக்கணும்னு அதுக்குத் தோணிச்சாம்.

ம் சத்தத்தையே காணோம். கதையும் படுத்தாச்சு, நீயும் திரும்பிப் படு கண்ணு.