சைலன்சரில் பன்னீர்

“இந்த விளக்கு பொய் சொல்லுதுங்க, மாஸ்டர்” என்றார் ஆறுக்குட்டி.

மாஸ்டர் மெகருன்னிசா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வயதில் அவர் சின்னவர். பாதி ஆயுளை லாரிகளுக்கு அடியில் கழித்துவிட்டு, பந்தயக் கார்களைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று கோவையில் அவருடைய பட்டறைக்கு வந்து நின்றவர் ஆறுக்குட்டி.

“என்ன பொய்யுங்ணா?”

“சைலன்சர் வேகுதுன்னு சொல்லுதுங்க. மேடு ஏறினா வலப்பக்க விளக்கு எரியுது. சென்சாரைப் புதுசா போட்டேன். அப்பவும் எரியுது.”

சிவப்பு நிற இத்தாலி வண்டி. பழசு. இரண்டே இருக்கை, எட்டு சிலிண்டர். பக்கத்துக்கு நான்கு. சைலன்சர் சூட்டைப் பார்க்கப் பக்கத்துக்கு ஒரு சென்சார், அது சொல்வதைக் கேட்க ஒரு பெட்டி, நமக்குச் சொல்ல ஒரு விளக்கு. சூடு ஏறினால் ‘ஸ்லோ டவுன்’ என்று எழுத்தோடு எரியும்.

வண்டி வயலட் அம்மாவுடையது. அறுபதைத் தாண்டிய அவருக்கு அன்று காலைதான் சர்ச்சில் கல்யாணம். மதியம் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோத்தகிரிக்கு அவரே ஓட்டிப்போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு சைக்கிள்தான் தெரியும்.

“விளக்கு வயரை வெட்டி விட்றலாங்களா? ஊர்ல பாதிப் பேரு அதானுங்க பண்றாங்க.”

“வெட்டுங்க.”

ஆறுக்குட்டி கட்டிங் பிளேயரை எடுத்தார்.

“வெட்டிட்டு, எந்த வளைவுல தீப்பிடிக்கும்னு அந்தம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கட்டியிருக்கறது பட்டுப் புடவை.”

பிளேயர் மேசைக்குத் திரும்பியது.

“பொய்யா நெசமான்னு எப்படித்தானுங்க தெரிஞ்சுக்கறது?”

மெகருன்னிசா எழுந்து வந்தார். வலப்பக்கப் பெட்டியைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினார். இடப்பக்கத்தை வலப்பக்கம்.

“போய்ட்டு வாங்க.”

ஆறுக்குட்டி மருதமலைப் பக்கம் மேடு ஏறித் திரும்பி வந்தார்.

“மறுபடி வலதுதானுங்க.”

“பெட்டி பொய் சொல்லியிருந்தா, பெட்டியோட பொய்யும் இடது பக்கம் போயிருக்கும்.”

“அப்ப நெசமாவே வேகுதுங்களா?”

“வேகுது.”

ஆறுக்குட்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழையப் போனார்.

“எங்கீங்ணா?”

“எங்க சுடுதுன்னு பாக்கறனுங்க.”

“அது வேண்டாம். டீ குடிங்க. எஞ்சின் ஆறட்டும். சில்லுனு இருக்கறது எதுன்னு பாக்கலாம்.”

“சூட்டுக் கம்ப்ளெயின்ட்டுக்கு சில்லுனு இருக்கறதைத் தேடறதுங்களா?”

“டீ ஆறுது.”

எஞ்சின் ஆறியபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாலையைக் கழற்றாமல் வயலட் இறங்கினார். பின்னால் மாப்பிள்ளை தனசிங், கையில் பன்னீர்ச் சொம்போடு.

“அது எதுக்கு சார்?” என்று கேட்டார் மெகருன்னிசா.

“மண்டப வாசல்ல யாரோ என் கையில குடுத்துட்டாங்கம்மா. நாந்தான் மாப்பிள்ளைங்கறதை மறந்துட்டு வர்றவங்களுக்கெல்லாம் தெளிச்சிட்டிருந்தேன். திருப்பிக் குடுக்க ஆளைக் காணோம்.”

“இவரு இப்படித்தான்” என்றார் வயலட். பெருமையாக.

மெகருன்னிசா கையை நீட்டி சொம்பை வாங்கிக்கொண்டார்.

“ஸ்டார்ட் பண்ணுங்ணா.”

எஞ்சின் உறுமியது. சிறிது நேரம் ஓடவிட்டார். எஞ்சினின் இருபுறமும் சிலிண்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் இறங்குகின்றன. இடப்பக்கத்து முதல் குழாயின்மேல் சொம்பை ஒரு உதறு உதறினார்.

சுர்ர்.

ரோஜா வாசனை எழும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. பட்டறையின் ஆயில் நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. தனசிங் கண்ணை மூடிக்கொண்டார்.

வலப்பக்கம். முதல் குழாய் சுர்ர். இரண்டாவது சுர்ர்.

மூன்றாவது சத்தம் போடவில்லை. பன்னீர் முத்து முத்தாக உருண்டு கீழே சொட்டியது.

“அதுல மட்டும் ஏன் வாசம் வரலை?” என்றார் வயலட்.

மெகருன்னிசா ஆறுக்குட்டியைப் பார்த்தார்.

ஆறுக்குட்டி குழாயைப் பார்த்தார். பிறகு குழாய் போகும் வழியைப் பார்த்தார்.

“அந்த சிலிண்டர்ல நெருப்பே பிடிக்கலைங்க” என்றார் மெதுவாக. “எரியாத பெட்ரோல் அப்படியே இறங்கிப் போயி சைலன்சருக்குள்ள எரியுது. அதான் அங்க வேகுது. ஏழு பேரு போடற சத்தத்துல ஒருத்தன் சும்மா இருக்கறது என் காதுல விழலைங்க.”

“எஞ்சினை நிறுத்திட்டு பிளக் வயரைப் பாருங்க.”

பார்த்தார். பிளக்கின்மேல் வயர் பேருக்கு உட்கார்ந்திருந்தது. இரண்டு விரலால் அழுத்தினார்.

டக்.

“சென்சாரைச் சந்தேகப்பட்டீங்க, விளக்கைச் சந்தேகப்பட்டீங்க. இதை ஏனுங்ணா தொட்டே பாக்கலை?”

ஆறுக்குட்டி காதைச் சொறிந்தார்.

“அது… போன வாரம் நான் மாட்டினதுங்க.”

முதலில் சிரித்தவர் வயலட். பிறகு மாஸ்டர். பிறகு அடக்க முடியாமல் ஆறுக்குட்டியே. எதற்கென்று புரியாத தனசிங் சொம்பை வாங்கி எல்லோர் தலையிலும் தெளித்துவைத்தார்.

ஆறுக்குட்டி மறுபடி மேடு ஏறினார். திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே ஹாரன் கேட்டது.

“எரியலைங்க, மாஸ்டர்!”

“எரியலைன்னா?”

“சரியாயிருச்சுங்க.”

“விளக்கு செத்துப்போயிருந்தாலும் எரியாதேங்ணா?”

வயலட்டின் கை கார்க் கதவில் இருந்தது.

ஆறுக்குட்டி எஞ்சினை நிறுத்தினார். யோசித்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. பிறகு சாவியை ஒரே ஒரு திருப்பு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே விட்டார். விளக்குகள் எல்லாம் ஒரு கணம் முகம் காட்டின. ஆயில், பேட்டரி, பிரேக். வலது ஓரத்தில் ‘ஸ்லோ டவுன்’…

“எரியுதுங்க, மாஸ்டர்!” என்று கத்தினார். “எரியுதுங்க! நல்லா எரியுதுங்க!”

“எரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு நேரம்…” என்று இழுத்தார் தனசிங்.

ஆறுக்குட்டி இறங்கிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ஏறுங்கம்மா.”