யானையின் காலடியில் கட்டிய கூடு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், பிள்ளைகளே. நடுவில் காம்பும் கீரையும் சேர்ந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்த பைபிள் வசனத்துக்குப் பொருள் கேட்டீர்கள். அடுத்த நாட்டு ராஜாவிடம் குதிரை இருக்கிறது, ரதம் இருக்கிறது, அவர் நம்மைக் காப்பாற்றுவார் என்று ஜனங்கள் ஓடினார்களே, அதற்கு அந்தக் காலத்துத் தீர்க்கதரிசி ஏன் அவ்வளவு வருத்தப்பட்டார் என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பொருள் சொல்ல வராது. கதைதான் வரும்.

ஒரு காட்டில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. தவிட்டு நிறம், கலைந்த தலை, ஓயாத வாய். தங்கள் அழகைப் பற்றி அவற்றுக்கே பெரிய எண்ணம் கிடையாது. மயிலுக்குச் சாயம் பூசிவிட்டுக் கை கழுவிய தண்ணீரில் படைத்தவர் நம்மை முக்கி எடுத்திருப்பார் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும்.

ஆனால் அவற்றுக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எல்லாம் தரையில் இறங்கிப் பூச்சி பொறுக்கும்போது, ஒரு குருவி மட்டும் தின்னாமல் உச்சிக் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். வல்லூறு தெரிந்தால் கத்தும். உடனே மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு மேலே பாயும். அந்தக் கூச்சல் தாங்காமலே வல்லூறு பல நாள் திரும்பிப் போய்விடும். சில நாள் மட்டும் ஒரு குஞ்சு போய்விடும்.

போன பருவத்தில் அப்படிப் போனது மெல்லியின் குஞ்சு. மெல்லி அந்தக் கூட்டத்திலேயே வெட்கக்காரி. மறுபடியும் கூடு கட்டும் காலம் வந்தபோது, சுள்ளியை எடுப்பதும் கீழே போடுவதுமாகவே இருந்தாள்.

அவளுடைய நாத்தனார் கீச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். "மதினி, இந்தக் காட்டுல யாருக்குப் பலம் அதிகம்? யானைக்கு. அப்ப நாம யார்கிட்ட போகணும்?" என்றாள்.

கூட்டமே அது சரி என்றது. யானைக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்க மெல்லிக்கு நாக்கு வரை வந்தது. இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது? கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். மாதர் சங்கக் கூட்டத்தில் என் நிலைமையும் இதுதான், விடுங்கள்.

யானை கெட்டவர் இல்லை. இத்தனை குருவிகள் வந்து வணங்கியதில் அவர் காது இரண்டும் விரிந்துவிட்டன. காப்பாற்றுவதாக உடனே ஒப்புக்கொண்டார். அவர் கேட்டதும் கொஞ்சம்தான். கூடு தன் காலடியில் இருக்கும் முட்புதரில் இருக்க வேண்டும், அப்போதுதான் கண்ணில் படும். தான் நிற்கும்போது உச்சிக் கிளையில் வேறு காவல் வைத்தால் அது தனக்கு அவமானம். தன் மத்தியானத் தூக்கத்தில் யாரும் கத்தக் கூடாது.

கத்தாத தவிட்டுக்குருவியைப் பார்த்திருக்கிறீர்களா? மத்தியானம் முழுக்க விக்கலை அடக்குகிறவர்கள் மாதிரி கழுத்தை இழுத்து இழுத்து நடந்தன. ஒரு பூச்சி கிடைத்தால்கூட அடுத்தவர் காதில் போய்ச் சொல்லின. தொண்டைக்கட்டா என்று மைனாக்கள் கேலி செய்தன.

"எங்களுக்குப் பெரிய இடத்துச் சகவாசம். உன்னை மாதிரி கத்திக்கிட்டுத் திரியணும்னு என்ன தலையெழுத்து?" என்றாள் கீச்சி, அதையும் மெதுவாக.

முட்புதரில் மெல்லியின் குஞ்சுகள் வளர்ந்தன. பறக்கத் தெரியாது, தத்தத் தெரியும், அந்த வயது. மெல்லி பழக்கத்தில் அடிக்கடி வானத்தைப் பார்ப்பாள். யானை பார்த்தால் என்ன நினைப்பார் என்று கீச்சி அவளை இடிப்பாள்.

ஒரு மத்தியானம் வல்லூறு வந்தது. மேலே காவல் இல்லாததால் குருவிகள் யாரும் பார்க்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, முதலில் பார்த்தது அப்போதுதான் தூங்கி விழித்த யானைதான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று தும்பிக்கையைத் தூக்கினார். நன்றாக வீச வேண்டுமே, அதற்காக ஓர் அடி பின்னால் வைத்தார்.

அந்த அடி முட்புதரில் விழுந்தது.

புதர் நசுங்கியது. கூடு சரிந்து, குஞ்சுகள் புல்லில் உருண்டன. வானத்தைப் பார்த்துத் தும்பிக்கையை வீசிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் அடுத்த காலையும் தூக்கினார்.

வல்லூறு அவசரப்படாமல் எதிர் மரத்தில் உட்கார்ந்தது. "நான் எதுக்குக் கஷ்டப்படணும்? ஐயாவே எடுத்துக் கொடுக்கிறாரே" என்றது.

ஒரு பக்கம் யானையின் கால், ஒரு பக்கம் வல்லூறு. நடுவில் குஞ்சுகள். அப்போது மெல்லி கத்தினாள். யாரை நினைத்துக் கத்தினாளோ எனக்குத் தெரியாது. யானையை நினைத்து இல்லை.

அந்தச் சத்தம் கேட்டதும் குருவிகளுக்கு யானையிடம் செய்த ஒப்பந்தம் மறந்தது. எல்லாம் ஒரே கூச்சலாகப் பறந்து வந்தன. பாதி யானையின் காதுக்குள் போய்க் கத்தின. அவர் தலையை உதறிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். மீதி வல்லூற்றின் வால் இறகைப் பிடித்து இழுத்தன. இரண்டு இறகை விட்டுவிட்டு அது காட்டைத் தாண்டிப் போயிற்று.

குஞ்சுகளில் ஒன்றுக்குக் கால் நொண்டி. மற்றபடி எல்லாம் வாயைத் திறந்து, பசிக்கிறது என்றன.

யானை மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "பார்த்தீங்களா, என்னைக் கண்டதும் எப்படி ஓடினான்?"

"ஆமாங்கய்யா, ரொம்ப உபகாரம்" என்றாள் கீச்சி பணிவாக. பிறகு மெல்லியின் பக்கம் சாய்ந்து, "மதினி, இன்னும் ஓர் அடி உபகாரம் செஞ்சிருந்தார்னா நம்ம வம்சமே முடிஞ்சிருக்கும். யோசனை சொன்ன என் வாயைத் தைக்கணும்" என்றாள்.

மெல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவளைப் பார்த்து மற்றவையும் சிரித்தன, வெட்கத்தோடுதான். அன்றே குஞ்சுகளைத் தத்தித் தத்தி நடத்திக்கொண்டு வேறு புதருக்குப் போய்விட்டன.

தவிட்டுக்குருவிக் குலத்தையே தான்தான் காப்பாற்றியதாக யானை இன்றைக்கும் மற்ற மிருகங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்லவர்தானே என்று குருவிகளும் மறுத்துப் பேசுவதில்லை.

நீதி: எவ்வளவு பலசாலியும் நம்மைப் போலப் படைக்கப்பட்டவன்தான், அவனை நம்பி, படைத்தவரையும் அவர் நமக்குத் தந்ததையும் விட்டுவிடக் கூடாது. பெரியவர்களைக் கண்டால் மரியாதை கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பெற்ற பிள்ளைகளைக் கொண்டுபோய் அவர்கள் காலுக்குக் கீழே... அத்தை கூப்பிடுகிறார்கள், தொட்டிலில் என் சின்னவன் எழுந்துவிட்டானாம், இதோ நான் வந்துவிட்டேன்.