பஞ்சு வளர்ந்த கதை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்கே தூக்கம் போய்விடும் நாடு ஒன்று இருந்தது. அந்த ராஜாவுக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் வெள்ளை நாய்க்குட்டி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. பஞ்சு என்று பெயர் வைத்தார்கள். கழுத்தைச் சுற்றி அடர்ந்திருந்த முடியைப் பார்த்ததும் ராஜா, "இது சிங்க ஜாதி! வளர்ந்ததும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் கட்டுவோம்" என்று தீர்மானித்துவிட்டார். வியாபாரி வாயைத் திறக்கவில்லை. ராஜா சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசினால் வியாபாரம் என்ன ஆவது?

வருஷம் ஒன்று போனது. பஞ்சு பூசணிக்காய் அளவுக்கு வந்து, அதோடு நின்றுவிட்டது. பாலும் சோறும் எவ்வளவு வைத்தாலும் வாலை ஆட்டியதே தவிர வளரவில்லை.

மந்திரி தாண்டவராயருக்கு இது நல்ல சமயம். நாயைப் பார்த்துக்கொண்ட மாடத்தியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அரசவை விகடர் சொக்கப்பன். சொக்கப்பன் வாயைத் திறந்தால் சபை சிரிக்கிறது. மந்திரி வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறது. அந்த வயிற்றெரிச்சல் சும்மா இருக்குமா?

"மகாராஜா! நாய்க்குப் போகும் பாலை இவளே குடித்துவிடுகிறாள். இவளை நாடு கடத்த வேண்டும்" என்றார் மந்திரி.

மாடத்தி ராஜாவின் காலில் விழுந்தாள். "சாமி, ஒரு சொட்டு தொட்டதில்லீங்க! இந்த வாயில்லா ஜீவனை விட்டா எனக்கு யாருமில்லீங்க" என்று அழுதாள். பாவம், அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

சொக்கப்பன் எழுந்தார். "மகாராஜா, இதன் ஜாதியே இவ்வளவுதான். வளர்ந்து முடிந்துவிட்டது."

"என்னைக் கேட்காமலா முடிந்தது?" ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நாளைக் காலை சபைக்குள் எந்த அளவில் வருகிறதோ, சபை கலைவதற்குள் எம் கண்ணெதிரே அதைப்போல் இரு மடங்காக வேண்டும். இல்லையேல் அவளோடு நீரும் நாட்டை விட்டுப் போகலாம்!"

"உத்தரவு மகாராஜா. அளப்பது மட்டும் மந்திரியார் கையாலேயே நடக்கட்டும்."

"பேஷாக!" என்றார் மந்திரி.

மறுநாள் மாடத்தி ஒரு துண்டில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தாள். பிரித்தால், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு ஜந்து. ஒட்டிய வயிறு, குச்சிக் கால்கள், முழிக்கிற இரண்டு கண்கள்.

"என்ன இது, பெருச்சாளியா?" என்றார் ராஜா.

"பஞ்சுதான் மகாராஜா. குளிக்காமல் சபைக்கு வரலாமா? சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினோம்" என்றார் சொக்கப்பன்.

மந்திரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா, பட்டினி போட்டிருக்கிறாள்!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்து, ஒரு பூச்சரத்தை நாயின் வயிற்றைச் சுற்றி அளந்து, அந்த அளவுக்கே அறுத்துக்கொண்டார்.

மாடத்தி தணலில் சாம்பிராணியைப் போட்டு அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தாள். தலை குளித்த பெண்கள் கூந்தலைக் கூடைமேல் விரித்து உலர்த்துவார்களே, அப்படிப் பஞ்சுவை அதன்மேல் உட்கார வைத்து, கோதிக் கோதிச் சீவினாள். புகை ஏற ஏற முடியும் எழும்பியது. கடைசியில் பஞ்சு உடம்பை ஓர் உதறு உதறியது. பழைய பூசணிக்காய் மறுபடி வந்து நின்றது!

மந்திரி பூச்சரத்தைச் சுற்றினார். பாதிக்குக்கூட எட்டவில்லை.

"மோசடி! இது வெறும் முடி! உள்ளே ஒன்றுமே இல்லை!" என்று கத்தினார்.

"வாஸ்தவம்" என்றார் சொக்கப்பன். "மந்திரியாரின் தலைப்பாகை, ஜரிகை அங்கி, இடுப்புப் பட்டு எல்லாவற்றையும் களைந்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றி, அவரையும் இங்கேயே அளந்து பார்க்கலாமா மகாராஜா?"

மந்திரி இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பின் நடுவே கிரீடம் சரியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொண்டார். பஞ்சு ஒரே தாவலில் அவர் மடியில் ஏறிச் சுருண்டது. இறக்கிவிட அவருக்கு மனசே வரவில்லை.

சொக்கப்பனுக்குத் தங்கக் கடகம் கிடைத்தது. மாடத்திக்கு ஆயுள் உள்ளவரை அரண்மனையிலேயே வேலை. அவள் பஞ்சுவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

மந்திரியும் பதவியில் நீடித்தார். மழை நாளில் மட்டும் அவர் சபைக்கு வருவதே இல்லை.