முட்டைக்குள் அடங்கிய குரல்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச வாயும் இருந்தது, வழக்காட நேரமும் இருந்தது. மூப்பு மட்டும் இல்லை. பருந்து தூக்கினால்தான் சாவு. அதற்குத் தப்பியவர்கள் பேரன் பேத்தி, அவர்களின் பேரன் பேத்தி என்று எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

வற்றிய ஏரிக்குள் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டு வந்தாள். மரத்தில் கூடு கட்டத் தெரியாத இனம். குஞ்சுகள் பொரித்த அன்றே ஓடும். ஓடுவதைப் பருந்து பார்த்துவிடும்.

ஒருநாள் குஞ்சு ஒன்று கால் தடுக்கிக் கூழாங்கற்களுக்கு நடுவே விழுந்து கிடந்தது. பருந்து அதன் தலைக்கு மேலேயே பறந்தும் அதைப் பார்க்கவில்லை. செம்மூக்கிக்குப் பொறி தட்டியது. அடுத்த முறை பொரித்த குஞ்சுகளுக்கே பாடம் தொடங்கிவிட்டாள். அவள் கத்தினால் குஞ்சுகள் வாயை மூடிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும்.

சில குஞ்சுகள் சட்டென்று பிடித்துக்கொண்டன. சிலவற்றுக்கு மண்டையில் ஏறவில்லை. அவளுடைய செல்லம் குட்டான் அப்படித்தான். கத்தினால் நிமிர்ந்து பார்ப்பான்.

"ஏம்மா கத்துறே? என்ன வருது?"

"மொதல்ல படுடா. அப்புறம் கேளு."

ஒருநாள் அவன் கேட்டு முடிப்பதற்குள் பருந்தின் கால்கள் வந்துவிட்டன.

செம்மூக்கி பருந்திடம் போய் மன்றாடினாள். "அண்ணே, எம்புள்ளைங்க மக்கு இல்ல. கொஞ்சம் நேரம் குடுத்தா எல்லாமே கத்துக்கும்."

"எனக்கும் கூட்டுல குஞ்சு இருக்கு தங்கச்சி. படுத்துக் கெடக்குறது என் கண்ணுக்குத் தெரியறதில்ல. நிமிர்ந்து நிக்கிறதைத்தான் எடுக்குறேன்."

அவள் திரும்பி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாடத்தை நிறுத்தினால் எல்லாப் பிள்ளைகளும் போகும். தொடர்ந்தால் குட்டான் மாதிரிப் பிள்ளைகள் மட்டும் போகும். அழுதுகொண்டே தொடர்ந்தாள்.

சீக்கிரம் கற்றவைதான் மிஞ்சின, அவைதான் முட்டையிட்டன. அவற்றின் பிள்ளைகளிலும் எது முந்திப் படுத்ததோ அதுவே பிழைத்தது. தலைமுறைக்குத் தலைமுறை பாடம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ஒரே கத்தல் போதும் என்றானது.

பின்னொரு நாள், எத்தனையோ தலைமுறை தள்ளிப் பிறந்த பேத்தி ஒருத்தியின் முட்டைகளைச் செம்மூக்கி அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுக்குள் குஞ்சு கீச்சிட்டது. அந்நேரம் பார்த்து நிழல் விழ, அவள் கத்தினாள். முட்டைக்குள் சத்தம் நின்றுபோனது. செத்துவிட்டதோ என்று பதறி ஓட்டில் காது வைத்தாள். பருந்து போய் நெடுநேரம் கழித்து மறுபடி மெல்லிய கீச்சொலி கேட்டது.

அதற்கு அவள் ஒரு பாடமும் நடத்தியதில்லை. நடத்தாமலே வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், குட்டானை நினைத்து விம்மினாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருமுன்பே, தாய் கத்தினால் வாயை மூடிக்கொள்கிறது. தாயும் நிழலைக் கண்டால் சுற்றிச் சுற்றிக் கத்துகிறாள். ஏன் என்று கேட்கிற பிள்ளை ஒன்றுகூட இப்போது பிறப்பதில்லை.