செவந்தாயி வச்ச கல்லு

காலை ஆட்டாம படு. அத்தை சொல்றப்போ ம் கொட்டணும். கொட்டலைன்னா பாதியிலயே நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ஊத்து. மலையடிவாரத்துல, பாறை இடுக்குல இருந்து சளசளசளன்னு தண்ணி வரும். ஊரே குடிக்கிறது அதைத்தான். அதனால அங்க யாரும் செருப்புப் போட்டுட்டுப் போக மாட்டாங்க, துணி துவைக்க மாட்டாங்க. சாமி மாதிரி பாத்துக்கிட்டாங்க.

"ம்."

அப்படிப் பாத்தும் சின்னப் புள்ளைங்க வாந்தி, பேதின்னு விழுந்துக்கிட்டே இருந்துச்சுங்க. சிலது பொழைக்கும். சிலது பொழைக்காது. அந்த ஊர்ல செவந்தாயின்னு ஒருத்தி, மாடு வளத்துப் பால் விக்கிறவ. அவ மூத்த பையனும் அப்படித்தான் போயிட்டான். மிச்சம் ஒரு பொண்ணு, பவளம். உன் உசரம்தான் இருப்பா. இப்ப அவளுக்கும் வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு.

"செத்துருவாளா அத்தை?"

கேளு முதல்ல. ஊர்க்காரங்க, "மலைக்கு மேல இருக்கிற மேலூர்க்காரனுங்கதான் அவனுங்க குட்டையில என்னமோ கலக்குறானுங்க, அதுதான் நம்ம ஊத்துல வருது"ன்னு கம்பைத் தூக்கிட்டாங்க. அப்போ செவந்தாயி, "பொறுங்க. ஊத்துக்குத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம் அடிக்கப் போங்க"ன்னா.

அப்புறம் மழை பிடிச்சுது. சோன்னு மழை. தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு மலை ஏறுனா. எங்க மழைத்தண்ணி பிரிஞ்சு பாதி நம்ம பக்கமும் பாதி அந்தப் பக்கமும் ஓடுதோ, அங்க ஒரு கல்லு வச்சா. டொக். அப்புறம் இன்னொரு கல்லு. டொக். இப்படியே சுத்தி வந்தா. கல்லுக்கு உள்ள விழுற மழையெல்லாம் நம்ம ஊத்துக்கு, வெளிய விழுறது அடுத்தவங்களுக்கு. மழை விட்டப்புறம் மேல நின்னு பாக்குறா, மேலூர்க் குட்டை கல்லுக்கு வெளிய கெடக்கு. உள்ள இருக்கிறது ஒரு ஆட்டுப்பட்டி, அப்புறம் மேட்டுல அவ வீடு. கீழ எறங்கி வந்து, "மேலூர்க் குட்டை கல்லுக்கு வெளிய இருக்கு. நம்பலைன்னா மஞ்சளைக் கரைச்சுக் கொட்டி, ஊத்துல மஞ்சளா வருதான்னு பாருங்க"ன்னா.

ம் சொல்லு. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

ஊர்க்காரங்க கல்லைப் பாத்துச் சிரிச்சாங்க. சரின்னு குடம் குடமா மஞ்சளைக் கரைச்சு மேலூர்க் குட்டையில கொட்டுனாங்க. நம்ம ஊத்து தெளிவா வந்துச்சு. அப்புறம் ஆட்டுப்பட்டியில கொட்டுனாங்க. அப்பவும் தெளிவாத்தான் வந்துச்சு. "அப்ப மேலூர்க்காரன் வேற எங்கயோ கலக்குறான்"னு மறுபடியும் கம்பைத் தேடுனாங்க. கோவம் வந்தா கண்ணு தெரியாதே அவங்களுக்கு.

செவந்தாயி தொழுவத்து மூலையில ஒரு பொந்து. தொழுவம் கழுவுற தண்ணி, சாணி, மூத்திரம், எவ்வளவு கொட்டுனாலும் மடக் மடக்னு குடிச்சிரும். பூமித்தாய் குடிக்கிறான்னு நெனச்சு மாட்டுப் பொங்கலுக்கு அதுக்குக் குங்குமம் வப்பா. அன்னிக்கு யாருக்கும் சொல்லாம மிச்ச மஞ்சத்தண்ணியை அதுல கொட்டுனா. மடக், மடக், மடக். அப்புறம் ஊத்தடிக்கு ஓடிவந்து, வராதே வராதேன்னு வேண்டிக்கிட்டு உக்காந்தா. பின்னாடியே தள்ளாடிக்கிட்டு வந்த பவளம் தண்ணியில கையை நீட்டுனா.

"அம்மா, என் கையைப் பாரு."

ரெண்டு கையும் மஞ்சள்.

அங்க வேற யாரும் இல்ல. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். ஆனா அவ ஓடிப்போயி, கம்போட கெளம்புனவங்களை மறிச்சு, "போகாதீங்க. என் தொழுவத்துல இருந்துதான் வருது. என் புள்ளையை நான்தான் கொன்னேன். உங்க புள்ளைங்களையும்"னு மண்ணுல விழுந்து அழுதா. யாரும் தூக்கி விடல. புள்ளையைப் பறிகொடுத்தவங்க எப்படித் தூக்குவாங்க, சொல்லு.

அப்புறம் பொந்தை அடைச்சா. வீட்டைப் பிரிச்சா. மாடுகளை ஓட்டிக்கிட்டு, கல்லுக்கு வெளிய ஒரு மொட்டைக் கரட்டுல குடிசை போட்டா. ஊத்து தெளிஞ்சுது. பவளம் பொழைச்சா. கல்லுக்கு உள்ள இனி ஆட்டைக்கூட விடக்கூடாதுன்னு ஊர் முடிவு பண்ணுச்சு. ஆனா செவந்தாயி தண்ணிக்கு வந்தா எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

"பாவம். அவளுக்குத் தெரியாதுல்ல அத்தை?"

தெரியாதுதான் தங்கம். அதை யாருகிட்டப் போயி சொல்லுவா?

ஒவ்வொரு மழைக்கும் சாக்கைப் போட்டுக்கிட்டுப் போயி, சரிஞ்ச கல்லை நிமித்தி வப்பா. டொக். டொக். அப்புறம் அங்கயே உக்காந்து, "இப்ப தண்ணி நல்லாருக்குடா சாமி, வந்து குடிடா"ன்னு மூத்தவனைக் கூப்பிடுவா. அவன் எங்க வருவான்.

அவ்வளவுதான். மழை ஊத்துக்குப் போச்சு, கதை மலைக்குப் போச்சு. கண்ணை மூடு, தூங்கு.